ஊதாக் கரை போட்ட அருவி

"நான் பொறாமைப்படணும்னா அந்த ஆளு இனிமேதாம்லே பொறந்து வரணும்!" என்று தென்காசியில் முழங்கியவர் குமரகுரு அண்ணாச்சி.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று தெருவே அவரிடம்தான் கேட்கும். மொட்டைமாடி ஏறி, பைனாகுலரில் மலையைப் பார்த்துத் தீர்ப்பு வழங்குவார். அவருடைய பைனாகுலரில் அருவிக்கு ஊதாக் கரை தெரியும். மூலிகைச் சத்து என்று விளக்கமும் தருவார்.

துபாயிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டுத் துல்கர்னைனின் புது பைனாகுலரில் அருவி வெள்ளைவெளேரென்று தெரிந்தது.

"அண்ணாச்சி, ஒங்க லென்ஸ் நெறத்தப் பிரிச்சுக் காட்டுது. இதுல ரெண்டு வகைக் கண்ணாடியச் சேத்து அதச் சரிபண்ணிருக்கான்."

"ஊதாவே தெரியலன்னா அது என்னலே பைனாகுலரு? நல்லா ஏமாந்துட்டு வந்திருக்கே!"

மறுநாளிலிருந்து தெரு துல்கர்னைனைக் கேட்டது. அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. துல்கர்னைன் வீட்டு மாடியில் யார் சிரித்தாலும் தம்மைத்தான் என்று தோன்றியது. குற்றாலத்துக் குரங்கு ஒன்று வந்து அந்தச் சனியன் பிடித்த பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று காசிவிசுவநாதரிடம் முறையாக விண்ணப்பித்தார். குரங்கு வரவில்லை.

லீவு முடிந்து துல்கர்னைன் காரில் ஏறும்போது அண்ணாச்சி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவன் காதோடு சொன்னார்:

"அடுத்த தடவ வரும்போது எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாலே. ஒன்னோடத விட ஒரு சுத்துப் பெருசா."