அண்ணியின் கசாயமும் லண்டன் புட்டியும்

அண்ணி கொழும்பிலிருந்து வந்துவிட்டார். அப்படியும் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது... நான் வாசலில் நிற்கிறேன். எதற்கு? தெரியவில்லை.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். இந்த 1957ஆம் வருஷத் தொடக்கத்தில் ஆரம்பித்தது.

என் அண்ணனுக்குப் பெரகல சந்தியில் பலசரக்குக் கடை. அண்ணி ராஜாமணிக்கு மார்பில் கட்டி. புற்றுநோய்தான், உடனே கொழும்பில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று பதுளையில் டாக்டர் சற்குணம் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயசு, அதிராத பேச்சு.

அண்ணன் கேட்டால்தானே? கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நித்தியகல்யாணிக் கசாயம் கட்டியைக் கரைத்துவிடும் என்று இன்னொருவர். கடைக்குப் பின்னால்தான் அது பூத்துக் கிடக்கிறதே! அண்ணன் தன் கையாலேயே காய்ச்சிக் கொடுத்தார். அண்ணி குடித்தார், வாந்தி எடுத்தார், மறுநாளும் குடித்தார்.

கசாயத்தைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. அந்தச் செடியைக் காயவைத்து, லண்டனில் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் நண்பருக்கு அனுப்பினார். அங்கே புற்றுநோய் செல்களைக் கண்ணாடிப் புட்டியில் வளர்க்கிறார்களாம். அதில் செடியின் சாற்றை விட்டுப் பார்ப்பார்களாம்.

"பதில் வரட்டும் எண்டு நிக்காதேங்கோ. முதல்ல கொழும்புக்குப் போங்கோ" என்று கெஞ்சினார்.

அண்ணன் பதிலுக்காகத்தான் நின்றார். கட்டி நிற்குமா? நான் பதுளையிலுள்ள என் வீட்டுக்கும் பெரகலைக்குமாக பஸ்ஸில் அலைந்தேன். போய் என்ன செய்தேன்? அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஒருவழியாகப் பதில் வந்தது. மூவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

"புற்றுநோய் செல் செத்திட்டுதாம்" என்றார் டாக்டர்.

அண்ணன் எழுந்தே விட்டார். "பாத்தீங்களா டாக்டர்! நான் சொன்னேன்ல?"

"பொறுங்கோ அண்ணை. பக்கத்துப் புட்டியில நல்ல செல்லையும் வச்சுப் பாத்தவையாம். அதுவும் செத்திட்டுது."

அண்ணன் நின்றபடியே இருந்தார்.

"அப்ப எனக்குள்ள எது செத்துச்சுன்னு தெரியாமத்தான் இத்தனை நாளும் குடிச்சேனா?" என்று அண்ணி கேட்டார்.

"ஓமக்கா. இந்தச் செடியில இருந்து ஒருநாள் மருந்து வரக்கூடும். அதுக்கு எவ்வளவோ வேலை கிடக்கு. உங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை."

அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கடையில் எத்தனை பேரை அதட்டுகிற மனிதர்! அண்ணி அவர் கையைப் பிடித்தார். "அழாதீங்க. நீங்க குடுத்தீங்கன்னுதானே குடிச்சேன். நாளைக்கே ரயிலுக்குப் போவோம், வாங்க."

எழுந்தவர், வாசலில் திரும்பினார். "டாக்டர்... அந்தப் புட்டிக்குள்ள இருக்கிறது யாரோட செல்லு?"

"ஆரோ ஒரு வெளிநாட்டுப் பொம்பிளையின்ரயாம். பேர் தெரியாது. அவ செத்து அஞ்சாறு வருஷமாச்சாம். செல் மட்டும் இன்னும் வளருது."

"அவகிட்ட கேட்டுத்தான் எடுத்தாங்களா?"

டாக்டர் லண்டன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவம், அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஆபரேஷன் முடிந்துவிட்டது. கட்டியை எடுத்தாயிற்று. வேறெங்கும் பரவியிருக்கிறதா என்பது போகப்போகத்தான் தெரியுமாம். போகப்போக... இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு மனுஷி எப்படித் தூங்குவது? நான்தான் தவிக்கிறேன். அண்ணி கடையில் உட்கார்ந்து, வெட்டிய பக்கத்துக் கையைத் தூக்க முடியாமல், ஒற்றைக் கையால் பருப்பு நிறுக்கிறார்!

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டார். தன் பேருக்கு அர்ச்சனை முடிந்ததும், இன்னொரு தட்டை நீட்டினார்.

"பெயர், நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

"ரெண்டும் தெரியாதுங்க சாமி. ஒரு பொம்பள. செத்துட்டாங்க."

"செத்தவங்களுக்கு அர்ச்சனை செய்யறதில்லையேம்மா!"

அண்ணி தட்டைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

"அவ இன்னும் முழுசா சாகலீங்க சாமி."