மகாவலி கடைக்குள் வந்த நாள்

காலநிலைப் பேரணிக்காக என் மகள் எழுதிய துணிப் பதாகை கண்டி மழையில் நனைந்திருந்தது. அந்த ஈர வாசம் என்னைக் கம்பளைக்கு, வாப்பாவின் புடவைக்கடைக்குக் கொண்டுபோனது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மகாவலி ஆறு பெருகிக் கடைக்குள் வந்துவிட்டது. புடவைக்கட்டுகளோடு மாடிக்கு ஓடுவது எனக்கு விளையாட்டாக இருந்தது. திடீரென்று பக்கத்து வீட்டு சீலா அக்காவைத் தெருவெள்ளம் இழுத்துக்கொண்டு வந்தது. வாப்பா ஒரு புதுப்புடவையை உதறி வீசினார்.

“அக்கா, புடிச்சிக்கோங்க” என்று கத்தினேன்.

அவர் பிடித்துவிட்டார். எல்லோருமாக இழுத்தோம். கரையேறியதும் அவர் அழுதார். நான் துள்ளிக் குதித்தேன்.

இப்போது அந்தத் தெருவில் அடிக்கடி வெள்ளம் வருகிறது.

“நீங்களும் வாறீங்களா, உம்மா?” என்றாள் மகள்.

“தண்ணி வந்த பொறகு ஓடி வேலையில்ல மகள். முந்தியே போகணும்” என்று சொல்லி, அவளுக்கு முன்பே வாசலைத் தாண்டினேன்.