பின்சந்தில் சிவப்புத் தண்ணீர்

போன வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். அம்மனுக்குத் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு பின்பக்கம் போனேன். ஷெட்டையும் பாத்ரூமையும் ஒட்டி வருகிற சாக்கடையில் தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

வேறு ஊராக இருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்? குங்குமம் கொட்டிவிட்டது என்பார்கள். பீட்ரூட் கழுவினார்கள் என்பார்கள். திருப்பூரில் ஒரே நினைப்புதான்.

யாரோ சாயம் விடுகிறார்கள்.

குடத்தைக் கீழே வைத்தேன். குனிந்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசம். சாயத் தண்ணீருக்கு ஒரு நெடி உண்டு. மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அது இல்லை. ஆனால் இப்போதெல்லாம் நெடி தெரியாமலிருக்கவும் எதையாவது கலப்பார்கள்... யார் கண்டது?

நான் சந்தேகக்காரி. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பால்காரர் சிரித்தால் பாலை உற்றுப் பார்ப்பேன். காய்காரர் ஒரு கட்டுக் கொத்தமல்லி சும்மா கொடுத்தால், தக்காளியைத் திருப்பிப் பார்ப்பேன். ஆனால் இந்தத் தடவை சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. சொல்கிறேன்.

இது எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பி, திருவிழாக் காலம். பூச்சாட்டு என்கிற தொடக்கச் சடங்கு முடிந்து, கோயில் முன்னால் கம்பம் நட்டாயிற்று. மூன்று கிளையாகப் பிரிந்த மரம். அது அங்கே இருக்கும்வரை, தினமும் காலையில் பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் அதன்மேல் ஊற்றுவோம். தண்ணீர், மஞ்சள், வேப்பிலை. அவ்வளவுதான் பூசை. அம்மனுக்கும் நமக்கும் நடுவில் யாரும் இல்லை.

வருஷத்தில் எனக்குப் பிடித்த நாட்கள் இவை. வேம்பு பூத்துக் கொட்டுகிறது. வாசலைக் கூட்டக் கூட்டக் கொட்டுகிறது. கோபம் வருவதில்லை. கம்பெனி வேன்கள் ஹாரன் அடிக்கும் முன்னால், தையல் மெஷின் சத்தம் எழும் முன்னால், ஒரு குளிர்ந்த காற்று வரும். கொஞ்ச நேரம்தான். அப்புறம் பங்குனி வெயில் வந்துவிடும்.

கூடவே பேத்தி யாழினி வருவாள். மூன்றாம் வகுப்பு. கையில் சின்னச் சொம்பு. பாதித் தண்ணீரை வழியிலேயே காலில் ஊற்றிக்கொள்வாள்.

"அம்மனுக்கு மிச்சம் இருக்குதா கண்ணு?" என்று கேட்பேன்.

"நீங்க ஒரு கொடம் ஊத்தறீங்க. அம்மனுக்கு அது போதுங்கப்பாயி" என்பாள்.

இதையெல்லாம்விடப் பெரிய சந்தோஷம் ஒன்று. அந்தத் தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. நாங்கள் இருப்பது திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம். ஒரு காலத்தில் எங்கள் கிணற்றில் வாளி போட்டால், இன்றைக்கு என்ன கலர் என்று எட்டிப் பார்ப்போம். ஒரு நாள் ஊதா. ஒரு நாள் பச்சை. மேலே நுரை. குடிப்பதை விடுங்கள், மாடு கழுவக்கூட ஆகாது. அந்த வருஷங்களில் கம்பத்துக்கு லாரித் தண்ணீர்தான் கொண்டுபோனேன். வீட்டில் கிணற்றை வைத்துக்கொண்டு அம்மனுக்கு லாரித் தண்ணீர்... குடத்தைக் கவிழ்க்கும்போது தலையை நிமிர்த்த மாட்டேன்.

அப்புறம் அக்கம்பக்கத்துச் சாயப்பட்டறைகள் மூடின. நல்ல மழை பெய்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. என் மகன் செந்தில்தான் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் லேபில் கொடுத்துப் பார்த்தான். குடிக்கலாம் என்றார்கள். உப்பு கொஞ்சம் உண்டு. காய்ச்சி ஆறவைத்துக் குடிக்கிறோம். யாழினி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதும் அதுதான்.

அந்தக் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி இப்போது சிவப்பு.

முதல் சந்தேகம் என் மகன்மேல். ஏன்? அதற்கு முந்தின வாரம் காரணமே இல்லாமல் எனக்கு ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கிவந்தான். தீபாவளியா, பொங்கலா? ஒன்றும் இல்லை. "உங்களுக்குத்தானுங்கம்மா" என்றான். பிள்ளை சும்மா வெண்ணெய் வாங்கி வருகிறான் என்றால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

வந்தது. மறுநாளே பின்பக்கத்து ஷெட்டில் இரண்டு நீல டிரம். அந்த ஷெட் நெடுநாளாகச் சும்மா கிடக்கிறது.

"என்ன சாமி இது?" என்று கேட்டேன்.

"தண்ணி புடிச்சு வெக்கறதுக்குங்கம்மா."

கிணறு இருக்கிற வீட்டில் டிரம் எதற்கு? கேட்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன். செந்தில் நாலு தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறான். இந்த வருஷம் ஆர்டர் குறைவு. அதுவும் எனக்குத் தெரியும்.

அடுத்தது மருமகள் கவிதா. அவள் சேவூர்ப் பெண். பேசிக்கொண்டே இருப்பாள். ரோட்டில் போகிற முகம் தெரியாதவரைப் பற்றிக்கூட அவளிடம் ஒரு அபிப்பிராயம் இருக்கும். அப்படிப்பட்டவள் ஒரு வாரமாகப் பேசவில்லை. மத்தியானம் சாப்பிடுவதில்லை. கேட்டால் "பசிக்கலீங்கத்த" என்கிறாள். புருஷன்மேல் கோபமா? என்மேலா? இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்களா?

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். விடை சிவப்பாக வந்தது.

யாழினி சொம்போடு வந்து நின்றாள். விரல் நுனி... அதுவும் சிவப்பு.

"கையக் காட்டு கண்ணு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்ன அது?"

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கறனுங்கப்பாயி."

"யாருக்குப் பண்ணுனே?"

"அதையுஞ் சொல்லமாட்டேன்னு சத்தியம்."

குழந்தையையும் சேர்த்துவிட்டார்கள்! வேறு ஒன்றும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போனோம்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் எங்கள் தெருதான். என் முதுகோடு பேசினாள்.

"ஏனுங்க்கா, உங்கூட்டுக்குப் பின்னாடி டிரம்மெல்லாம் எறங்குச்சாட்ட? தம்பி புதுசா ஏதாச்சு ஆரம்பிக்கறாருங்களா?"

"தண்ணி புடிச்சு வெக்கறதுக்குங்க" என்றேன்.

"கெணத்துல தண்ணி இல்லீங்களா?"

குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டேன். நான் கேட்க நினைத்த அதே கேள்விதான். நான் நினைத்தால் சந்தேகம், அவள் கேட்டால் வம்பு.

கம்பத்தில் தண்ணீரை ஊற்றினேன். தினமும் அம்மனிடம் ஏதாவது கேட்பேன். முட்டிவலி, பிள்ளைக்கு ஆர்டர், பேத்திக்குச் சளி. அன்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு, அதற்கு அவள் உண்மையைச் சொல்லிவிட்டால்?

வெயில் ஏறியதும் மாடிக்குப் போனேன். வெங்காய வடகம் காயப் போட்டிருந்தேன். கொடியில் ஒரு பெட்ஷீட் தொங்கியது. பெட்ஷீட் வெள்ளை. கீழே தரையில் சொட்டு மட்டும் சிவப்பு. விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு சேலை.

"இந்த வெயில்ல எதுக்குங்கத்த மேல வந்தீங்க?"

பின்னால் கவிதா.

"வடகம் திருப்பிப் போட. இதென்ன புள்ள?"

"சேலைங்க."

"சேலைன்னு கண்ணுக்குத் தெரியுது. அது எதுக்குப் போர்வைக்குள்ள ஒளிஞ்சிட்டிருக்குது?"

பெட்ஷீட்டை இழுத்துச் சரிசெய்தாள். அப்புறம் சொன்னாள்.

"கலர் போகுதுங்கத்த. யாழினியும் நானும் இருட்டோட அலசிப்போட்டோமுங்க."

உலகத்துக்கே பனியனுக்குக் கலர் போட்டு அனுப்புகிற ஊர் இது. ஒரு பீஸ் கலர் விட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். அந்த ஊரில் ஒரு சேலை சாக்கடை நிறையக் கலர் விடுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. விசாரணை இன்னும் முடியவில்லையே!

"புதுச்சேலை எதுக்கு?"

"பூவோடு எடுக்கறதுக்குங்க."

நெருப்பு எரிகிற மண்சட்டியைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றுவதுதான் பூவோடு. சும்மா எடுக்க மாட்டார்கள். பெரிதாக ஒன்று வேண்டியிருந்தால்தான் எடுப்பார்கள். அதற்கு முன்னால் விரதம் இருப்பார்கள். மத்தியானம் பசிக்காததன் காரணம் புரிந்தது. என்ன வேண்டுதல் என்று யாரையும் கேட்கக்கூடாது. கேட்டேன்.

கவிதா தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தாள். வாரம் முழுக்க அடக்கி வைத்த பேச்சு ஒரே மூச்சில் வந்தது.

"நம்ம ஷெட்ட ஒருத்தரு வாடகைக்குக் கேக்கறாருங்க. சாயம் போடறதுக்கு. சின்னதாத்தான், சாம்பிள் மட்டுந்தான், யாருக்கும் தெரியாதுங்கறாரு. டிரம் அவருதுங்க. உங்க பையனுக்கு அரை மனசு. நானுஞ் சொல்லிப் பாத்துட்டனுங்க. அவரு வேண்டாம்னு சொல்லிட்டா பூவோடு எடுக்கறேன்னு அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

"வேண்டாம்னுட்டானா?"

"இன்னுமில்லீங்க. ஞாயித்துக்கெழம அந்தாளு வர்றாரு. அன்னைக்குத்தான் முடிவுங்க."

"அதுக்குள்ள சேலை வாங்கிட்டயா?"

"ஆஃபர் போட்டிருந்தாங்கத்த."

அம்மன்மேல் இவ்வளவு நம்பிக்கை நான்கூட வைத்ததில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லுல?"

"சொன்னா நீங்க சண்டைக்குப் போவீங்க. அவரு அந்த வீம்புக்கே சரின்னு போடுவாருங்க."

உண்மை. இருவரும் என்னிடம்தான் வளர்ந்தார்கள் என்று சொல்லலாம். ஒருத்தன் பிறந்து வளர்ந்தான். ஒருத்தி வந்து வளர்ந்தாள். என்னை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள்.

சந்தேகம் ஒரு வினோதமான சாமான். ஓடிய சிவப்புத் தண்ணீர் சாயப்பட்டறைத் தண்ணீர் இல்லை. ஆனால் சாயப்பட்டறை வரத்தான் இருந்தது. தப்பான கதவைத் தட்டி, சரியான வீட்டுக்குள் போயிருக்கிறேன். அதிலும் ஒரு கோளாறு. என் கிணற்றுக்காக ஒருத்தி பட்டினி கிடக்கிறாள். நான் அவளைத்தான் வேவு பார்த்திருக்கிறேன்.

 கீழே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். விரதத்துக்கு மோர் ஆகும்.

செந்திலிடம் வாய் திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை கம்பத்துக்கு இரண்டு குடமாக ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் வந்தார். வெள்ளைச் சட்டை. நெற்றியில் அகலமாகத் திருநீறு. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். மரியாதை கொஞ்சம் அதிகம். அதிகமாக இருந்தால் எனக்கு ஆகாது.

"அம்மா, நீங்க ஒண்ணுக்கும் பயப்பட வேண்டாமுங்க. ஒரு சொட்டுக் கீழ போகாது. எல்லாத்தையும் டிரம்முலயே புடிச்சு வண்டில ஏத்திருவமுங்க. உங்க கெணறு எங்கூட்டுக் கெணறாட்ட."

செந்தில் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு முன்பே தெரியும் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் கண் கீழே போனது. நான் சண்டை போடுவேன் என்று காத்திருந்தான். நான் போடவில்லை.

வந்தவருக்கு வியர்த்தது. கவிதாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது வழக்கம். வேறு எண்ணம் இல்லை. நம்பினால் நம்புங்கள்.

சொம்பை வாங்கினார். வாய்க்கு மேலே தூக்கினார். நிறுத்தினார்.

"இது... கேன் தண்ணிங்களா?"

"கெணத்துத் தண்ணிங்க. காய்ச்சுனதுதான்" என்றாள் கவிதா.

சொம்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இப்பத்தானுங்க எளநி குடிச்சுட்டு வந்தேன்."

  அந்த நேரம் பார்த்து யாழினி தெருவிலிருந்து ஓடிவந்தாள். விளையாடி முகமெல்லாம் சிவந்திருந்தது. யாரையும் கேட்கவில்லை. சொம்பைத் தூக்கினாள், அண்ணாந்து மொத்தத்தையும் குடித்தாள், பாவாடையில் வாயைத் துடைத்தாள், ஓடிவிட்டாள்.

செந்தில் காலிச் சொம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"டிரம்ம இன்னைக்கே எடுத்துக்கறீங்களாங்க?" என்றான்.

"ஏனுங்க தம்பி, அவசரமில்லீங்க, ரோசனை பண்ணி..."

"பண்ணிட்டனுங்க."

சாயங்காலம் வண்டி வந்தது. டிரம் போனது. கவிதா அடுத்த வாரம் பூவோடு எடுக்கிறாள். முன்போல வாயும் திறந்துவிட்டாள். வந்தவரின் சட்டை, கார், திருநீறு எல்லாவற்றைப் பற்றியும் அவளிடம் அபிப்பிராயம் இருந்தது.

செந்தில் சண்டை போடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆர்டர் இல்லையே என்று ஒரு வார்த்தை புலம்பவில்லை. ராத்திரி இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது... அதுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.