டீச்சரக்கா வீட்டு முதல் படி

காலையில் எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி வந்தது. வாசலைத் தோண்டினால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று சண்டை போடத்தான் போனேன். உடைந்த தார் வாசனை மூக்கில் ஏறியது. பள்ளத்தின் ஓரத்தில் தார் அடுக்கடுக்காகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கருங்கல் விளிம்பு. சண்டை மறந்துபோயிற்று. அது டீச்சரக்கா வீட்டு முதல் படி.

டீச்சரக்கா அந்தக் காலத்தில் எங்கள் எதிர்வீடு, அங்கன்வாடியில் வேலை. அந்த வீட்டுக்கு மூன்று படிகள். நான் அப்போது கடைவீதி டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. டைப் அடிக்கத் தெரிந்தவனுக்கு மனு எழுதவும் தெரியும் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. எனக்கு மரியாதையாக எழுத வராது. பேரூராட்சிக்கு ஒருமுறை 'தூங்குகிறீர்களா' என்று எழுத, அக்கா அதை அடித்துவிட்டு 'பணிவுடன்' என்று போட்டார். கையெழுத்து வாங்குவது அந்தப் படிகளில்தான். மேலே அக்கா, நடுவில் நான், கீழ்ப்படியில் மைப்பெட்டி. கைநாட்டு வைத்தவர்கள் விரலை அந்தக் கல்லிலேயே தேய்த்துவிட்டுப் போவார்கள்.

தெருக்கோடியில் நெல் விளைந்த நிலம் மனைகளாகி, ஒரு 'நகர்' முளைத்தது. ஜல்லி லாரிகள் எங்கள் ரோட்டைக் குதறின. போதாததற்கு அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களையும் இந்த வழியாகத் திருப்பிவிட்டார்கள். மனு எழுதினேன். ஒரே மாதத்தில் ரோடு வந்தது. மனை விற்கிறவர்களுக்கும் அந்த ரோடு தேவை என்பது என் மண்டைக்கு உறைக்கவில்லை. எல்லாம் என் எழுத்தின் மகிமை என்று திரிந்தேன். ரோடு ரோலருக்கு மாலை போட்டோம். அக்கா கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டதை எல்லோரும்தான் பார்த்தோம். ரோடு உயர்ந்தால் தெருவுக்குக் கௌரவம் என்று நினைத்த முட்டாள்கள் நாங்கள். அக்காவின் முதல் படி உள்ளே போயிற்று. முட்டிவலிக்கு நல்லதுதான் என்றார். சில வருடங்களில் மறுபடி குழி, மறுபடி மனு, மறுபடி மாலை. இரண்டாவது படியும் போயிற்று. மூன்றாவது மனுவில் வாசலும் ரோடும் ஒன்றாயின.

அந்த ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் மொத்தமும் அக்கா வீட்டுக்குள் புகுந்தது. அரிசியும் மகளின் நர்சிங் புத்தகங்களும் ஊறிப்போயின. எங்கள் வீடு மேடு. ஒரு சொட்டு வரவில்லை. திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். கெண்டைக்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருந்தார்.

"இன்னாடா முழிக்கிற? நீ எழுதுன மனுதான் ஊட்டுக்குள்ள வந்துருக்குது. வான்னு கூப்டு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரும் சாயங்காலம்வரை வாளியால் இறைத்தோம்.

மறுநாள் பேரூராட்சியில் போய்க் கத்தினேன். அங்கிருந்தவர் நிதானமாக ஃபைலைப் பிரித்தார்.

"மூணு வாட்டி ரோடு வேணும்னு எழுதியிருக்கீங்க. சுரண்டிட்டுப் போடுங்கன்னு எதுலயாச்சும் இருக்குதா சார்?"

இல்லை. மூன்றிலும் முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது அக்காவுடையது.

வீட்டை உயர்த்திக் கட்ட அக்காவால் முடியவில்லை. அடுத்த மழையில் சுவர் ஊறி விரிசல் விட்டது. அனந்தபுரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

இன்று பள்ளத்தருகே நின்று அவருக்குப் போன் போட்டு, முதல் படி வெளியே தெரிகிறது என்றேன்.

"ஒடைஞ்சிருக்குதாடா?"

"இல்லக்கா. முழுசா இருக்குது."



"அப்ப எறங்கி ஒக்காரு. யாராச்சும் ஒக்காந்து எத்தினி நாளாச்சு."

உட்கார்ந்தேன். கால் பள்ளத்தில், ரோடு இடுப்பு உயரத்தில். பெருசு, மேலே ஏறு என்று ஜேசிபி ஓட்டுகிறவன் கத்தினான். கத்தட்டும் என்று இருந்தேன். கல் சில்லென்று இருந்தது.

மதியம் மூடிவிட்டார்கள். இனி மேலே தார் வரும். சுரண்டிவிட்டுப் போடவும் என்று இந்த முறை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். கையெழுத்து வாங்கத்தான் இடமில்லை. இப்போது தெருவில் எந்த வீட்டுக்கும் படி கிடையாது, என் வீட்டுக்கும்தான். எல்லா வாசலிலும் பைக் ஏற்றும் சரிவு. சரிவில் யாரும் உட்கார முடியாது.