ஹெர்மினேயின் இருமல்

வியன்னாவில் சந்தைக்குப் பின்தெருவில் ரொட்டிக் கடை வைத்திருந்த ஹெர்மினே ஸ்வோபோடாவுக்குக் கனத்த குரல். கடைக்குள்ளிருந்து "அடுத்தது யாரு?" என்றால் மீன்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலுக்காகத்தான் நகரத்தின் பெரிய பாடகர் குழுவில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். புருஷன் போரில் போனபிறகு அவளைத் தூக்கி நிறுத்தியதும் அந்தக் குழுதான்.

அந்த வருஷம் ஒரு பிரம்மாண்டமான சிம்ஃபனி. ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கச்சேரியை அப்படியே இசைத்தட்டாகப் பதிவு செய்யப்போகிறார்கள் என்றதும் எல்லோருக்கும் கால் தரையில் பாவவில்லை.

ஒத்திகையில் இசை நடத்துனர் லிண்ட்னர் எச்சரித்தார்: "இருமுறவங்க இன்னைக்கே இருமித் தீத்துடுங்க. நாளைக்கு இருமினா டோக்கியோ வரைக்கும் கேக்கும்."

சிம்ஃபனியில் முக்கால்வாசி நேரம் பாடகர்களுக்கு வேலையில்லை. கடைசியில்தான் மூச்சுவிடுவதுபோல மெல்ல ஆரம்பிக்க வேண்டும். மறுநாள், இரண்டாம் பகுதி முடிந்த இடைவெளியில் அரங்கமே இருமித் தீர்த்தது. பக்கத்தில் வெட்டி என்ற பெயருள்ள தையல்காரி உட்கார்ந்திருந்தாள்; அவள் ஹெர்மினேயை இடித்தாள்.

"நீயும் இருமிக்கோடி. இதுதான் கடைசி டிராம். இனிமே நிறுத்தமே கிடையாது."

"போடி, என் தொண்டை பித்தளை."

கொஞ்ச நேரத்தில் அந்தப் பித்தளைக்குள் ஒரு எறும்பு ஊர ஆரம்பித்தது. எச்சிலை விழுங்கினாள். எறும்பு பத்தாயிற்று. முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது. தலைக்குமேல் ஒலிவாங்கிகள் தொங்கின. வெட்டி அவள் கையை நசுக்குகிற மாதிரி பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஹெர்மினேக்கு நினைவு வந்தது, இனி முரசுகள் வரும் என்று. பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். எங்கோ அடிவயிற்றில் உறுமுவதுபோல ஆரம்பித்த ஓசை ஏறி ஏறி, கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்போது, கழுத்துத் துணிக்குள் முகத்தைப் புதைத்து, உயிரே வெளியே வருகிறமாதிரி இருமினாள். முரசுகள் மறுபடி எழுந்தன. அவளும் மறுபடி.

பிறகு நிசப்தம். இசையின் பகுதியாகவே, அரங்கக் கதவுக்கு வெளியே தூரத்தில் ஒரு கொம்பு ஒலித்தது. லிண்ட்னர் இமையைத்தான் அசைத்தார். இருநூறு பேர் ஒரே மூச்சாகப் பாடத் தொடங்கினார்கள். ஹெர்மினேயின் குரல் வந்தது! பட்டுப்போல வந்தது! கடைசியில் மணிகளும் ஆர்கனும் சேர்ந்து முழங்க, எழுந்து நின்று பாடியபோது அவளுக்குத் தொண்டை இருப்பதே மறந்துபோயிற்று. முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். அந்தக் கூச்சலில் லிண்ட்னர் அழுதுவிட்டார்.

அந்தத் தட்டு உலகம் சுற்றியது. அதற்கு இணையான பதிவு கிடையாது என்று பத்திரிகைகள் எழுதின. முரசுகளின் நடுவே கேட்கும் அந்த உறுமல் வேறெந்தப் பதிவிலும் இல்லையென்று ஒரு விமர்சகர் உருகியிருந்தார். வெட்டி அதை ரொட்டிக் கடையில் உரக்கப் படித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அது முரசில்லடி, நீ!"

"நானா? சும்மா உளறாதே," என்றாள் ஹெர்மினே. ஆனால் மாவுக் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு கடைக் கதவைச் சாத்தினாள். "எங்கே, தட்டைப் போடு. சத்தத்தை நல்லா ஏத்து!"