படைக்காத புக்கை

இந்தப் பொங்கலன்று ஒரு பானைக்கும் இரண்டு மனச்சாட்சிகளுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டேன். அதில் ஒன்றாவது என்னுடையதாக இருந்திருக்கலாம். இல்லை...

அக்கராயனில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு பரமேஸ் அக்காவுடையது. பொங்கலுக்கு அவர் முற்றத்தில் பொங்கும் புக்கைக்கு நான் நெடுநாள் அடிமை. புது அரிசி, சர்க்கரை, பால், கஜு, பிளம்ஸ் – வேறென்ன வேண்டும்?

நான் பரம்பரைக் கிறிஸ்தவன். சூரியனுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி எனக்கு வந்ததே இல்லை. சூரியனைப் படைத்தவர் யாரென்று தெரியும். பிறகென்ன? கோப்பையை நீட்டுவேன்.

அக்காவின் தம்பி சிவநேசன் அப்படியல்ல. எங்கள் சபையில் அண்மையில் ஞானஸ்நானம் எடுத்தவர். போன பொங்கலுக்கு அக்கா கொடுத்துவிட்ட புக்கை, மூடி திறக்காமலே திரும்பி வந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் கதை பேச்சில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் இரண்டு வயல்காரர் ஒரு வருடம் பேசாமல் இருப்பது லேசான காரியமா?

இந்த முறை அக்கா என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, அவனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. நீங்கள் சாப்பிட்டா அவனும் சாப்பிடுவான்."

தூண்டில் புழுவாகப் போக உடனே சம்மதித்தேன். புழுவுக்கும் புக்கை கிடைக்குமல்லவா?

குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிவநேசனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, வழிநெடுகப் பிரசங்கம் செய்தேன். சாப்பாடு வெறும் சாப்பாடு, விசுவாசி சுதந்திரமானவன்... குளக்கட்டு வரை நன்றாகத்தான் போனது.

"அண்ணை, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன்.

"நீங்கள் சாப்பிட்டா நானும் சாப்பிடுவன். ஆனா பிறகு முழங்காலிலை நிண்டு என்னத்தைச் சொல்லி ஜெபிக்கிறது?"

"அது வெறும் புக்கை, ஐசே."

"உங்களுக்கு வெறும் புக்கை. நீங்கள் ஒருநாளும் அதைக் கும்பிட்டுச் சாப்பிடேல்லை. நான் நாப்பது வருசம் கும்பிட்டுப்போட்டுச் சாப்பிட்டவன், அண்ணை. இப்பவும் அதைக் கண்டா கை தன்ரை பாட்டிலை கும்பிடப் போகுது."

என் பிரசங்கம் அந்த இடத்திலேயே பஞ்சராகிவிட்டது. இவ்வளவு காலமும் பலமான விசுவாசம் என்று நான் நினைத்தது... வெறும் பழக்கமின்மையா? ஒருநாளும் குடிக்காதவன், "தவறணைப் பக்கம் போனால்தான் என்ன?" என்று குடியை விட்டவனுக்குப் புத்தி சொல்வதுபோல!

அக்காவின் முற்றத்தில் கோலம், கரும்பு, நெய் வாசனை. சூரியனுக்குப் படைத்து முடிந்திருந்தது. முதல் அகப்பை என் கோப்பையை நோக்கித்தான் வந்தது. சிவநேசன் என் முகத்தைப் பார்த்தார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். நான் புக்கையைப் பார்த்தேன்.

"அக்கா... எனக்கு இண்டைக்கு வேண்டாம்."

"ஏன், சீனி வருத்தமோ?"

எவ்வளவு அருமையான பொய்! கேட்காமலே கைக்கு வருகிறது. எங்கள் ஊரில் பாதி உறவுகள் இந்த நீரிழிவு வருத்தத்தின் புண்ணியத்தில்தான் முறியாமல் கிடக்கின்றன. நான் வாயைத் திறப்பதற்குள் சிவநேசன் முந்திவிட்டார்.

"அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, அக்கா. எனக்காகத்தான் வேண்டாமெண்டுறார். படைச்சதை என்னாலை சாப்பிட ஏலாது."

அகப்பை அந்தரத்தில் நின்றது.

"படைச்சதாலையோ? அவ்வளவும்தானோ?"

"ஓம்."

"விசரா! அதைப் போன வருசமே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினதோடை அக்கான்ரை கையாலை தின்ன உனக்கு அரியண்டமாக்கும் எண்டெல்லோ நான் அழுதுகொண்டு திரிஞ்சனான்!"

பதிலுக்குக் காத்திராமல் குசினிக்குள் போனார். காஸ் அடுப்பில் சின்னப் பானை ஒன்று ஏறியது. அவசரத்தில் கஜுவும் இல்லை, பிளம்ஸும் இல்லை. கொஞ்சம் அடியும் பிடித்துவிட்டது. கொண்டுவந்து தம்பியின் முன்னால் வைத்தார்.

"இது ஒருத்தருக்கும் படைக்கேல்லை. உனக்கெண்டுதான் காய்ச்சினது. தின்."

சிவநேசன் கண்ணை மூடினார். ஜெபம் நீண்டது... அழுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"கெதியா முடியடா, ஆறப்போகுது," என்ற அக்காவின் குரலும் அவ்வளவு சரியில்லை.

அடிப்பிடித்த புக்கையைத்தான் நானும் சாப்பிட்டேன். முற்றத்துப் பானை, கஜுக் கண்களால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. விரும்பியதைச் சாப்பிடுவது சுதந்திரம்தான். பக்கத்தில் இருப்பவருக்காக அதைத் தொடாமல் இருக்க முடிகிறதே – அதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலான சுதந்திரம் தேவைப்படுகிறது.

அக்காவும் தம்பியும் ஒரு வருடக் கதையைக் கதைக்கத் தொடங்கினார்கள். நான் மெல்ல எழுந்தேன். படலை வரை வந்த அக்கா, சோறு கட்டும் லஞ்ச் சீற்றில் சுற்றிய பொதியொன்றைக் கையில் திணித்தார். பெரிய பானைப் புக்கை!

"வீட்டை போய்ச் சாப்பிடுங்கோ. அவனுக்கு முன்னாலை பிரிக்காதேங்கோ."

வீட்டில் தனியே இருந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். மனச்சாட்சி ஒரு வார்த்தை பேசவில்லை.

மனைவிதான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள் – அடுத்தவரைக் கருதுவது பற்றி இப்படியொரு பத்தி எழுதத் தெரிந்தவனுக்கு, அவளுக்கு ஒரு வாய் மிச்சம் வைக்கத் தெரியவில்லையாம்!