சந்தனத்துக்கு அடியில் எரிந்த விளக்கு

காரின் மீட்டர் கண்ணாடியின் மேல் வடை அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். போடிமெட்டு மலைச்சாலையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பள்ளம் தெரிவதில்லை, அந்தப் பொட்டுதான் தெரிகிறது.

வைத்தவர் என் அக்காவின் கணவர், ஏலக்காய் வியாபாரி. ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் மனிதர்களைவிட வண்டிகள்தான் நன்றாகக் குளிக்கும். மச்சான் பானெட்டைத் திறந்து எஞ்சினையே குழாயால் பீச்சிக் குளிப்பாட்டினார். காலமெல்லாம் வாகனங்களுக்குத் தகுதிச் சான்று கொடுத்தவன் நான். எங்கே தண்ணீர் படக்கூடாது என்று முறைப்படி விளக்கினேன். "அழுக்கோட சாமி கும்பிடச் சொல்றியா மாப்ளே?" என்றார்.

மறுநாள் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். ஏற்றம் தொடங்கியதுமே வண்டி இழுவை குறைந்து குலுங்கியது. "பெட்ரோலு சரியில்ல," என்றார். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும், எஞ்சின் அப்படியே நின்றது. எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் சென்சாரின் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருந்தது என்று பிறகு மெக்கானிக் சொன்னார். அந்தத் தகவல் வராவிட்டால், எஞ்சின் ஓடவில்லை என்று முடிவுகட்டிக் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். அலுவலகத்தில் நான் பார்த்துப் பழகிய நடைமுறைதான்: காகிதம் வராவிட்டால் எதிரே நிற்கும் ஆள் உயிரோடு இல்லை.

வண்டி பின்னோக்கி உருண்டது. எஞ்சின் நின்றதும் பிரேக் மிதி கல்லாக இறுகிவிட்டது, மிதித்தாலும் சரியாகப் பிடிக்கவில்லை. மச்சான் உடம்பையெல்லாம் கொடுத்து மிதித்தார். கைப்பிரேக்கை இழுத்தேன், வேகம் சற்றுக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பின்னால் தோட்டத்துப் பெண்களை ஏற்றிய ஜீப்பு. அதற்குப் பின்னால் வளைவு. வளைவுக்கு அப்பால் வெறும் வானம். "முதல் கியர், மச்சான்!" என்று கத்தினேன். அவசரத்தில் கியர் விழவில்லை.

ஜீப்பிலிருந்து குதித்த ஒருத்தி சாலையோரக் கல்லைப் பின்சக்கரத்தடியில் தள்ளினாள். வண்டி ஒரு குலுக்கலுடன் நின்றது. "எறங்குங்கண்ணே வெரசா! உள்ள உக்காந்து என்ன சோலி?"

மச்சானால் இறங்க முடியவில்லை. முகம் துடைக்கத் துண்டை எடுத்தவர், ஏனோ மீட்டர் கண்ணாடியைத் துடைத்தார். சந்தனத்துக்கு அடியில், எஞ்சின் கோளாறைச் சொல்லும் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்பருந்து எரியுது மாப்ளே?"

எஞ்சின் நின்றால் அந்த விளக்கு எப்படியும் எரியும். அடிவாரத்திலேயே எரிந்ததா, வண்டி நின்ற இடத்தில்தான் எரிந்ததா என்று பார்க்கப் பொட்டு விடவில்லை. இன்றுவரை என்னைப் பயமுறுத்துவது பள்ளமல்ல, அவருடைய அந்தக் கேள்விதான்.

மச்சான் பல வருடம் கழித்துப் படுக்கையில்தான் இறந்தார். இந்த ஆயுத பூஜைக்கு தன் மகனின், என் மருமகனின், புதுக்காருக்கு அக்கா பொட்டு வைத்தாள். ஸ்டியரிங்கில் வைத்த விரல் மீட்டர் பக்கம் போய்த் திரும்பியது. மிச்சச் சந்தனத்தைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டாள். மருமகன் சாவியைத் திருப்பினான். மீட்டரில் விளக்குகள் எல்லாம் ஒருசேர எரிந்தன.

"என்ன மாமா, ரெண்டு பேரும் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீக?" என்று சிரித்தான்.

எஞ்சின் உறுமியது. மஞ்சள் விளக்கு அணையும்வரை அக்கா என் கையை விடவில்லை.